இரண்டாம் வகுப்புப் பிள்ளையை எந்த மன்றத்தில் சேர்ப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து படிவம் வந்திருக்கிறது: சதுரங்கம், ஓவியம், ரோபோட்டிக்ஸ், நாடகம், கால்பந்து, அறிவியல் மன்றம். இரண்டில் டிக் செய்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். வெளியே ஏற்கெனவே கீபோர்டு வகுப்பும் நீச்சலும் போய்க்கொண்டிருக்கின்றன. அவளைக் கேட்டால் "எதுன்னாலும் சரிம்மா" என்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து வகுப்புகளுக்குப் போகிறார்கள், இப்போது விட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் அவள் காலி அட்டைப் பெட்டிகளை எடுத்து வீடு, கடை, ஆஸ்பத்திரி என்று அடுக்கி, அதில் இருக்கிற எல்லாருக்கும் தானே குரல் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பாள் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கடைசியாக, பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளியில் புதிதாக ஒரு மன்றம் தொடங்க நினைக்கிறோம், எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

தொடக்கப்பள்ளியில் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளுக்காக ஐந்தாறு மன்றங்கள் நடத்தியிருக்கிறேன். நான் பார்த்ததையும் இதைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயம். ஏழு வயதில் எதற்கும் நேரம் கடந்துபோய்விடவில்லை. விளையாட்டை எடுத்துக்கொள்வோம், பெற்றோர் அதிகம் பதறுவது அங்கேதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் மட்டும் தீவிரமாக இறங்குவதைக் குறைந்தது 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பும் மூட்டும் தாங்காது. மனதும் சலித்துப்போகும். ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சின்ன வயதிலேயே உச்சத்தைத் தொடுகிற ஓரிரண்டு விளையாட்டுகள் விதிவிலக்கு. மற்றவற்றில் சிறு வயதில் பலவற்றையும் ஆடிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றில் நிலைத்தவர்கள் நிறையப் பேர் மேலே வந்திருக்கிறார்கள். நீச்சலை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது உயிர் காக்கிற விஷயம். தண்ணீரில் தைரியமாக மிதக்கவும் கரை சேரவும் வருகிற வரை தொடருங்கள். போட்டி நீச்சலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நாம் கலந்து குழப்பிக்கொள்கிற ஒன்று. வகுப்பு வேறு, மன்றம் வேறு. வகுப்பில் பாடத்திட்டம் உண்டு, கிரேடு உண்டு, "போன வாரம் சொன்னதை வாசித்துக் காட்டு" உண்டு. கீபோர்டு அப்படித்தான், அதில் தவறில்லை. மன்றத்தில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள், அதில் ஏதாவது ஒரு முடிவை அவர்களே எடுக்கிறார்கள். பெயரில் மன்றம் என்று இருந்தும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுதினால் அது இன்னொரு பீரியட்தான். காலையிலிருந்து ஆறு மணி நேரம் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஏழாவது மணி நேரமும் அதையே கொடுப்பதில் என்ன பயன்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். நூலகத்தில் கிழிந்துபோன கதைப் புத்தகங்களை ஒட்டிச் சரிசெய்ய ஒரு மன்றம் வைத்திருந்தோம். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், பன்னிரண்டு பிள்ளைகள். வேலை எளிதாகத் தெரியும், ஆனால் பொறுமை வேண்டும். கிழிந்த ஓரத்தில் பசையை மெல்லிய பிரஷ்ஷால் தடவ வேண்டும். அதிகமானால் தாள் சுருங்கிவிடும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனமான அகராதிகளை அடுக்கி, அடுத்த வாரம் வரை அப்படியே விட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நண்பன் வந்தான் என்பதற்காகவே வந்து சேர்ந்தான். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான், ஒரு வார்த்தை வராது. இங்கே ஒரு பக்கம் குறுக்காகக் கிழிந்திருந்தது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது வரி சரியாகப் பொருந்தியதா என்று எப்படித் தெரியும்? படித்துப் பார்த்தால்தான் தெரியும். அவன் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகக் கிழிசலைத் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போகவில்லை. மூன்றாவது வாரம் அவனே எழுந்து வந்து, "டீச்சர், இந்த நரிக்கு அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த பக்கத்தைக் காணோம்" என்றான். அலமாரியில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி இருந்தது. காணாமல்போன பக்கத்தை அதைப் பார்த்து வெள்ளைத் தாளில் தன் கையால் எழுதி, படமும் வரைந்து, உள்ளே ஒட்டிவிட்டான். அந்தப் புத்தகம் இப்போதும் நூலகத்தில் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பென்சில் எழுத்தில்.

அவனுடைய மதிப்பெண் ஏறியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. மன்றங்களை "இதில் சேர்த்தால் அது வளரும்" என்று சொல்லித்தான் நமக்கு விற்கிறார்கள். சதுரங்கம் ஆடினால் கணக்கு வரும், இசை கற்றால் மூளை கூர்மையாகும், ரோபோட்டிக்ஸ் படித்தால் எதிர்காலம் பத்திரம் என்கிறார்கள். இங்கிலாந்தில் நூறு தொடக்கப்பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு 30 மணி நேரம் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், சதுரங்கம் கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் கணக்குத் தேர்வில் வித்தியாசமே இல்லை. இதனால் சதுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்மீனியாவில் 2011 முதல் தொடக்கப்பள்ளியில் அதைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அருமையான ஆட்டம் அது. தோற்றுவிட்டு எதிரே இருப்பவரோடு கைகுலுக்கப் பழக்கும். சதுரங்கம் பிடிக்கிற பிள்ளை சதுரங்கத்துக்காகவே போகட்டும், கணக்குக்காக வேண்டாம்.

இசையைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு கனடாவில் நடந்தது, 2004-இல் வெளியானது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்துச் சிலரைக் கீபோர்டுக்கும், சிலரைப் பாட்டுக்கும், சிலரை நாடகத்துக்கும் அனுப்பினார்கள், மிச்சப் பேருக்கு எதுவும் இல்லை. ஒரு வருடத்தில் எல்லாருடைய ஐ.க்யூ. அளவும் கொஞ்சம் ஏறியது. இசை கற்றவர்களுக்கு இரண்டு மூன்று புள்ளி கூடுதல். அதை வைத்துத்தான் "மூளைக்கு இசை" விளம்பரங்கள் எல்லாம். ஆனால் அதே ஆய்வில் இருந்த இன்னொரு முடிவை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை: மற்றவர்களோடு பழகுவதில், ஒத்துப்போவதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது நாடகத்துக்குப் போன பிள்ளைகளிடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகள் விஷயத்தில் திரும்ப வருகிறேன்.

எந்த வயதுக்கு எது ஒத்துவரும் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆறு, ஏழு வயதில் கால்பந்தை உருட்டிவிட்டால் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் தேனீக் கூட்டம் மாதிரி பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். "இடத்தில் நில், பாஸ் கொடு" என்று பயிற்சியாளர் கத்துவதில் பிரயோசனமில்லை. இன்னொருவர் அடுத்து என்ன செய்வார் என்று யோசித்து இடம்பிடிக்கிற பக்குவம் எட்டு, ஒன்பது வயதில்தான் மெல்ல வரும். அதனால் சின்னவர்களுக்கு நாலு பேர், ஐந்து பேர் கொண்ட சிறு ஆட்டங்களும் எல்லாருக்கும் பந்து கிடைக்கிற விளையாட்டுகளும் போதும். கணினிக்கு நிரல் எழுதப் பழகுவதிலும் அப்படியே. எழுத்தைப் படிக்காமல் படக்கட்டைகளை இழுத்துப் பொருத்துகிற ஸ்கிராட்ச் ஜூனியர் ஐந்து முதல் ஏழு வயதுக்காகச் செய்தது, ஸ்கிராட்ச் எட்டு வயதுக்கு மேல். ரோபோட்டிக்ஸ் மன்றம் என்றால் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் அங்கே கையால் எதைத் தொடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கிட்டைச் சுற்றி எட்டுப் பேர், அதில் பெரிய பையன்கள் இருவர் பூட்ட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதாக இருந்தால் இரண்டு வருடம் கழித்துச் சேர்க்கலாம். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு நேருக்கு நேர் பேச வேண்டிய மன்றத்தைவிட, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையால் ஏதாவது செய்கிற இடம் நல்லது. களிமண், தோட்டம், காகித வேலை எதுவானாலும் சரி. கை ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும்.

"எதுன்னாலும் சரிம்மா" என்கிற பதிலால் நீங்கள் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஆர்வமில்லாத பிள்ளையோ என்று நினைக்கத் தேவையில்லை. அந்தப் படிவத்தில் இருப்பவை அவளுக்கு வெறும் பெயர்கள். பார்க்காத ஊரின் பெயரைச் சொல்லி "போகலாமா?" என்று கேட்டால் நாமும் அப்படித்தான் சொல்வோம். கேட்பதைவிடக் கவனிப்பது மேல். யாரும் சொல்லாதபோது அவள் எதை எடுக்கிறாள், எதைச் செய்யும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை, எதைப் பற்றி உங்களிடம் தானாக வந்து சொல்கிறாள் என்று ஒரு வாரம் பாருங்கள். பிறகு முடிந்தால் மன்றம் நடக்கிற அறை வாசலில் அவளோடு பத்து நிமிடம் நில்லுங்கள். பல பள்ளிகள் ஒன்றிரண்டு வாரம் வந்து பார்க்க விடுவார்கள், கேட்டால் மறுப்பது குறைவு.

வாசலில் நிற்கும்போது பிள்ளைகளைவிட நடத்துகிறவரை அதிகம் பாருங்கள். இதில் நான் பிடிவாதக்காரி. நல்ல மனிதர் நடத்துகிற சாதாரண மன்றம், கடுகடுவென்று இருப்பவர் நடத்துகிற பிரமாதமான மன்றத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? தப்பு செய்த பிள்ளையிடம் என்ன சொல்கிறார்? நன்றாகச் செய்கிற மூன்று பேரையே சுற்றி வருகிறாரா, கடைசி மேசைக்கும் போகிறாரா? பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்கிறார்களா? "திறமை இருந்தால் மட்டும் சேருங்கள்" என்று ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எத்தனை மன்றம்? உலக சுகாதார அமைப்பு 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவை இரண்டையும், பள்ளி நேரத்தையும், போக்குவரத்தையும், வீட்டுப்பாடத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் தெரியும். அந்த மிச்சத்தில்தான் அட்டைப் பெட்டி ஆஸ்பத்திரியும் நடக்க வேண்டும். 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. நான் பெற்றோரிடம் சொல்கிற கணக்கு: தொடக்கப்பள்ளியில் உடல் அசைகிற ஒன்று, மற்றபடி ஒன்று, பள்ளி நாட்களில் குறைந்தது இரண்டு மாலைகள் முழுக்கக் காலி. உங்கள் வீட்டில் நீச்சலும் கீபோர்டும் ஏற்கெனவே இருப்பதால், படிவத்தில் இரண்டையும் நிரப்பினால் நான்காகிவிடும். அது அதிகம். காலையில் எழுப்பும்போது அழுகை, அந்த வகுப்பு இருக்கிற நாளில் மட்டும் வயிற்றுவலி, முன்பு பிடித்த விளையாட்டிலும் நாட்டமின்மை, இதெல்லாம் தெரிந்தால் சோம்பேறித்தனம் என்று எண்ணாமல் ஒன்றைக் குறையுங்கள்.

பாதியில் விடுவதைப் பற்றி எல்லா வீட்டிலும் சண்டை வரும். "சேர்ந்தாச்சு, முடிச்சே ஆகணும்" என்பதும் சரியில்லை, கேட்டவுடன் நிறுத்துவதும் சரியில்லை. சேரும்போதே ஒரு எல்லையைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பருவம் முடிகிற வரை போகலாம், அப்புறம் உட்கார்ந்து பேசலாம். நடுவில் "போகமாட்டேன்" என்றால் காரணத்தைத் தேடுங்கள். பிள்ளைகள் "போர் அடிக்குது" என்று சொல்வதற்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். ஒரு பெண் ஓவிய மன்றத்தை விட்டுவிடுவேன் என்று அடம்பிடித்தாள். விசாரித்தால், பக்கத்தில் இருப்பவள் அவள் வரைந்ததைப் பார்த்துச் சிரிக்கிறாளாம், அவ்வளவுதான். இடத்தை மாற்றி உட்காரவைத்தோம், வருடம் முழுக்க வந்தாள். அவமானம், பயம், அடி, தனியாக ஒரு பெரியவரோடு இருக்க வேண்டியிருப்பது போன்ற காரணங்கள் என்று தெரிந்தால் பருவம் முடியவெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே நிறுத்த வேண்டும்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. 1973-இல் அமெரிக்காவில் மழலையர் பள்ளி ஒன்றில் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். சில நாள் கழித்து அதே பிள்ளைகள் தாங்களாக ஸ்கெட்ச் பேனாவை எடுக்கிற நேரம், மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்த பிள்ளைகளிடம் அப்படி ஆகவில்லை. அதனால் "மெடல் வாங்கினால் சைக்கிள்" என்று பேரம் பேச வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் "என்ன பரிசு?" என்பதற்குப் பதில் "இன்னைக்கு என்ன பண்ணீங்க, காட்டு" என்று கேளுங்கள்.

சரி, புதிதாக மன்றம் தொடங்குவது. பெற்றோராகத் தொடங்கும்போது "பிள்ளைகளுக்கு எது தேவை" என்று யோசிப்பதைவிட "நமக்கு உண்மையாகவே எது பிடிக்கும்" என்று தொடங்குங்கள். பறவை பார்ப்பதில் பைத்தியமாக இருக்கிற ஒரு அப்பா, ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து அறிவியல் சோதனை செய்து காட்டுவதைவிடப் பறவை மன்றம் நடத்தினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஒரு பெரியவருக்கு எட்டு முதல் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். சாரணர் இயக்கத்தைப் பாருங்கள். பெரிய பையன்களுக்காக 1907-இல் தொடங்கியது, தம்பிகளும் வர ஆசைப்பட்டதால் 1916-இல் குருளையர் பிரிவு வந்தது. அதில் பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்தார்கள். ஆறு பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் கையில் வேலை இருக்கும், சண்டை வந்தாலும் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

நேரம் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை. முதல் பத்து நிமிடம் ஓடவும் தண்ணீர் குடிக்கவும் விட்டுவிடுங்கள், வகுப்பிலிருந்து வந்த உடம்பு அப்போதுதான் இளகும். கடைசிப் பத்து நிமிடம் எடுத்துவைக்க. இதை மன்ற நேரத்துக்குள்ளேயே வையுங்கள். பிரஷ் கழுவுவதும் மேசை துடைப்பதும் பிள்ளைகள் வேலைதான், நீங்கள் ஓடி ஓடிச் செய்தால் இரண்டே மாதத்தில் களைத்துப்போவீர்கள். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு முடிவைப் பிள்ளைகளிடம் விடுங்கள், எந்த நிறத்தில் அட்டை போடுவது என்கிற அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் போதும்.

பாதுகாப்பில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. இது யாரையும் சந்தேகப்படுவதற்கில்லை, எல்லாருக்கும் ஒரே விதி. வந்தவர் பெயர், கூட்டிப்போனவர் யார், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவசர எண்ணும், ஒவ்வாமை, ஆஸ்துமா விவரமும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் பணம். கட்டணமும் பொருள் செலவும் ஒரு பிள்ளையைக்கூட வெளியே நிறுத்தக் கூடாது. பொதுப் பெட்டியில் எல்லாப் பொருளையும் போட்டுவிட்டால் யார் வாங்கி வந்தது, யார் வாங்கவில்லை என்பது தெரியாது. சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையோ, சத்தம் தாங்காத பிள்ளையோ வர நினைத்தால் எந்த அறை, எந்த மேசை என்று முதல் நாளுக்கு முன்பே யோசித்து வையுங்கள். கேட்டு வந்த பிறகு தேடினால் அந்தப் பிள்ளை முதல் நாளே வேண்டாத விருந்தாளியாக நிற்கும்.

இனி அந்தப் படிவம். பெட்டி அடுக்கி, டாக்டருக்கு ஒரு குரல், நோயாளிக்கு ஒரு குரல் என்று பேசுகிற பிள்ளை தன் பதிலை ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நான் சொன்ன கணக்குக்கு ஒன்று கூடினாலும் பரவாயில்லை, நாடகத்தில் டிக் செய்யுங்கள். மேடையேறத் தயங்கினாலும் பரவாயில்லை, செட் போடவும் திரைக்குப் பின்னால் குரல் கொடுக்கவும் அங்கே ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு நாள் அந்த அறை வாசலில் அவளோடு நின்று பார்த்துவிடுங்கள். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள். பள்ளியில் காரணம் கேட்டால் அந்த நாளில் அவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரி நடத்துகிறாள் அல்லவா, அது உண்மைதான்.